வலப்பக்கம்

இரண்டு குளிர்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்,
என் பக்கம் காற்று சில்லென்று வருகிறது என்று.
ஒரெஸ்ட் சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்
"உன் உடம்பு வாகு அப்படி" என்பான்.
அவன் சட்டைக்கையை முழங்கை வரை மடித்திருப்பான்.
என் மடியில் கம்பளி, கம்பளிக்குள் கை,
கைக்குள் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய காப்பி.
பிரின்ஸ் ஆல்பர்ட்டிலிருந்து லா ரோஞ்ச் வரை
இருநூற்று நாற்பது கிலோமீட்டர்
ஒரே காரில் இரண்டு தேசம்.

இரத்தசோகையா என்று பார்த்தார்கள். இல்லை.
தைராய்டு. அதுவும் இல்லை.
"வயசு" என்றாள் அவன் அக்கா ஸ்டெஃபா போனில்,
நான் கேட்காத கேள்விக்கு.
வழக்கமான பட்டறையில் கூலன்ட் மாற்றினார்கள்,
தெர்மோஸ்டாட் மாற்றினார்கள்,
ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்து
எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள்.

ஜனவரி. மைனஸ் முப்பத்து நான்கு.
வழக்கமான பட்டறை பூட்டியிருந்ததால் மட்டுமே
டெல்மா அம்ஃபர்வில்லின் பட்டறைக்குப் போனோம்.
ஒரெஸ்ட் விளக்கிக்கொண்டே போனான்.
முடிக்கும்வரை கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள்
"யாருக்குக் குளிருது?" என்றாள்.

எனக்கு.

என் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள்.
வானொலியை அணைத்தாள். சாவியைத் திருப்பினாள்.
ஏதோ சொல்ல வாயெடுத்த ஒரெஸ்ட்டை
ஒற்றை விரல் உயர்த்தி நிறுத்தினாள்.
டாஷ்போர்டுக்குப் பின்னால்
டிக். டிக். டிக்.
பதினொன்று எண்ணினேன். பிறகு ஓய்ந்தது.
"இந்தச் சத்தம் எத்தனை நாளா?"
"எந்தச் சத்தம்?" என்றான் அவன்.

பானட்டைத் தூக்கி
ஹீட்டருக்குப் போகும் குழாயைத் தொட்டாள்,
திரும்பும் குழாயைத் தொட்டாள், கையை உதறினாள்.
"அடுப்பு நல்லாத்தான் எரியுது."
காற்றுத் துவாரத்தில் வெப்பமானி செருகினாள்.
அவன் பக்கம் ஐம்பத்து மூன்று.
என் பக்கம் ஏழு.
அட்டைப்பெட்டி மூடியில் மார்க்கரால் எழுதினாள்.
அந்த ஏழையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் பெயரை யாரோ முதல்முறையாக
எழுத்துப்பிழையின்றி எழுதியதுபோல் இருந்தது.

கணினியை மாட்டி, கதவைத் திற என்று கட்டளையிட்டாள்.
திரை சொன்னது: முழுவதும் திறந்தாயிற்று.
வெப்பமானி சொன்னது: ஏழு.
"மோட்டார் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு எண்ணும்,
அவ்வளவுதான்.
கதவு அசைஞ்சுதான்னு அதுக்குத் தெரியாது.
பொய் சொல்லலை, பாவம்."
யாரையும் பார்க்காமல்தான் சொன்னாள்.

கையுறைப் பெட்டியைக் கழற்றினாள்.
அதிலிருந்து விழுந்தவை: காலாவதியான மீன்பிடி உரிமம்,
உருகி உறைந்த புதினா மிட்டாய்,
பெயருக்கேற்றபடி கையுறை ஒன்று,
போன வருடம் நான் தேடிய இடக்கையுறை.
மூன்று திருகாணிகள். மூன்றாவது கண்ணுக்கு எட்டாது,
விரலுக்கு மட்டும்தான்.
ஒரு கெட்ட வார்த்தை, முட்டியில் கொஞ்சம் ரத்தம்,
பிறகு சோப்புக்கட்டி அளவில்
கறுப்பாக ஓர் ஆக்சுவேட்டர் வெளியே வந்தது.

"உள்ளே கையை விடுங்க" என்றாள் என்னிடம்.
"குட்டையா ஒரு தண்டு இருக்கும். திருப்புங்க."
இருட்டில் துழாவினேன். இருந்தது.
இரண்டு விரலால், கால் சுற்று.
எங்கோ ஒரு கதவு மெத்தென்று நகர்ந்தது.

வந்தது.
முதலில் மணிக்கட்டுக்கு, பிறகு கழுத்துக்கு,
பழைய தூசு வாடையோடு.
நான் கையை எடுக்கவில்லை.

அவள் அதைப் பிளந்து காட்டினாள்:
வெள்ளைப் பல்சக்கரம், ஒரு பல் இல்லை.
இரண்டு குளிர்காலம் என் பல்வரிசை முழுதும்
தந்தியடித்தது இந்த ஒற்றைப் பல்லுக்காக.

புதியது சாஸ்கட்டூனிலிருந்து வர இரண்டு நாளாகும்.
அதுவரை கதவு நான் வைத்த இடத்திலேயே நிற்கட்டும்
என்று கம்பியால் கட்டிவிட்டாள்.
"குறைக்க முடியாது, பரவாயில்லையா?"
பரவாயில்லை என்றேன்.

ஆற்றுப்பாலம் ஏறும்வரை ஒரெஸ்ட் பேசவில்லை.
பிறகு, சாலையைப் பார்த்தபடியே,
"சூடு போதுமா?"

கம்பளியை மடித்துப் பின்னிருக்கையில் போட்டேன்.
வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
என் பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி
"கொஞ்சம் வேர்க்குது" என்றேன்.